டியூனர் 1.2 காட்டுகிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஹாம் ரேடியோவுக்கான 100 வாட் டிரான்ஸீவர் (அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி). 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோல் (நடுவில் கேபிள் சேரும், இரண்டு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா), மொத்த நீளம் 20 மீட்டர். அங்கிருந்து மேசைவரை 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஆட்டோ டியூனர், ரேடியோவுக்கு வெளியே தனிப் பெட்டியாக. 7-இல் டியூனர் இல்லாமலே நன்றாகப் பேசுகிறீர்கள். 14-இல் டியூனர் எஸ்.டபிள்யூ.ஆர். (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.2 என்று காட்டுகிறது, ஆனால் கூப்பிட்டால் யாரும் திரும்புவதில்லை. 3.5-இல் டியூனருக்குள் இருக்கும் ரிலேக்கள் (மின்சாரத்தால் மாறும் சுவிட்சுகள்) கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கின்றன, ஓர் இடத்தில் நிற்பதில்லை. டியூனர் பழுதா, திறந்து எந்த ஸ்பிரே அடிப்பது, ரேடியோவுக்குள் இருக்கும் டியூனரையும் சேர்த்துப் போட்டால் சரியாகுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: மீட்டர் நல்ல எண் காட்டும்போது பவர் எங்கே போய்த் தொலைகிறது?

உங்கள் டியூனர் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அது செய்யும் வேலை என்ன என்பதில்தான் எல்லோருக்குமே ஆரம்பத்தில் குழப்பம். ‘ஆன்டெனா டியூனர்’ என்ற பெயரே பாதி ஏமாற்று. அது ஆன்டெனாவைத் தொடுவதில்லை. மேலே தொங்கும் கம்பியின் நீளமும் மாறாது, கேபிளுக்குள் திரும்பி வரும் அலையும் குறையாது. கேபிளின் கீழ்முனையில் என்ன இம்பீடன்ஸ் (அலைக்குத் தெரியும் எதிர்ப்பு, ஓம் கணக்கில்) தெரிகிறதோ அதை 50 ஓமாக்கி ரேடியோவுக்குக் காட்டுகிறது. ரேடியோவும் சமாதானமாகி முழு பவரை விடுகிறது. வால்வு காலத்து டிரான்ஸ்மிட்டர்களில் ‘பிளேட்’, ‘லோடு’ என்று இரண்டு குமிழ்கள் முகப்பிலேயே இருக்கும். ஓரளவுக்கு இதே வேலையை அவை செய்துவிடும் என்பதால் பலருக்குத் தனிப் பெட்டி தேவைப்படவில்லை. டிரான்சிஸ்டர் வந்தபின் ரேடியோவின் வெளியீடு 50 ஓம் என்று இறுகிப்போனது. எஸ்.டபிள்யூ.ஆர். 2-ஐத் தாண்டும்போதே பெரும்பாலான ரேடியோக்கள் தம்மைக் காத்துக்கொள்ளப் பவரைக் குறைக்கத் தொடங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்க்க வந்த பெட்டி இது.

இப்போது கணக்கு. உங்கள் 20 மீட்டர் டைபோல் 7 மெகாஹெர்ட்ஸில் அரை அலை நீளம், அதே கம்பி 14-இல் ஒரு முழு அலை. முழு அலை டைபோலின் நடுவில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை, மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். இம்பீடன்ஸ் சில ஆயிரம் ஓம். 3000 என்று வைத்துக்கொள்வோம். 50 ஓம் கேபிளுக்கு அது எஸ்.டபிள்யூ.ஆர். 60. ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டருக்கு 14 மெகாஹெர்ட்ஸில் பொருத்தமான சுமை இருந்தாலே சுமார் ஒன்றரை டெசிபெல் விழுங்கும். எஸ்.டபிள்யூ.ஆர். 60 ஆனால் அந்த இழப்பு ஏறக்குறைய 11 டெசிபெலாகிவிடுகிறது. அதாவது 100 வாட் அனுப்பினால் கம்பிக்குப் போய்ச் சேருவது 8 வாட். மீதி கேபிளைச் சூடாக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே இழப்பு திரும்பி வரும் அலையையும் தின்றுவிடுவதால் மேசையில் உங்கள் மீட்டருக்கு 60 தெரியாது, 5 தான் தெரியும். 5-ஐ 1.2 ஆக்குவது எந்த ஆட்டோ டியூனருக்கும் சாதாரண வேலை. எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், பவர் மட்டும் வழியிலேயே தீர்ந்துவிட்டது.

கம்பி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, எவ்வளவு தடிமன், முனைகள் எப்படி மடங்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்த எண்கள் கூடும் குறையும். 3000 ஓம் உங்கள் இடத்தில் 2000 ஆகவோ 5000 ஆகவோ இருக்கலாம். அதனால் 8 வாட் என்பதை ஒரு சுமாரான மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பவரின் பெரும்பகுதி கேபிளிலேயே போகிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இடையில் ஒரு விஷயம். எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால் 25 சதவீதம் பவர் வீண் என்று நிறைய பேர் சொல்வார்கள். 25 சதவீதம் திரும்பி வருகிறது என்பது சரி, வீண் என்பது தவறு. திரும்பி வந்தது டியூனரில் பட்டு மறுபடி மேலே போகிறது. ஒவ்வொரு பயணத்திலும் கேபிள் கொஞ்சம் சுங்கம் வசூலிக்கிறது, அதுதான் இழப்பு. சுங்கம் குறைவான கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். அதிகமாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. சுங்கம் அதிகமான கேபிளில் போய்வந்து போய்வந்தே கைப்பணம் தீர்ந்துவிடும்.

3.5 மெகாஹெர்ட்ஸ் இன்னும் மோசம். அங்கே உங்கள் டைபோல் தேவையான நீளத்தில் பாதிதான். நடுவில் பத்துப் பன்னிரண்டு ஓம் ரெசிஸ்டன்ஸும், அதோடு பல நூறு ஓம் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸும் (பவரை எடுத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் பகுதி) இருக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். ஆயிரத்தைத் தொடும். கேபிள் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் 100 வாட்டில் ஒரு வாட் மேலே போனால் அதிசயம். மேசையில் தெரியும் எஸ்.டபிள்யூ.ஆர். 10-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண ஆட்டோ டியூனர்களின் எல்லையே ஏறக்குறைய 10 தான். எல்லையில் நிற்கும் சுமையைப் பிடிக்கப் பார்த்துப் பிடிக்க முடியாமல் டியூனர் மறுபடி மறுபடி தேடுகிறது. நீங்கள் கேட்கும் கடகட சத்தம் அதுவாக இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் ரிலே ஓயாமல் அடிப்பதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, டியூனருக்கு வரும் மின்சாரம். பல பெட்டிகள் 11 முதல் 15 வோல்ட்வரை கேட்பவை. ரிலேக்கள் பத்துப் பன்னிரண்டு ஒன்றாக இழுக்கும்போது மெல்லிய ஒயரில் வோல்ட் விழும், ரிலே விடும், வோல்ட் ஏறும், ரிலே மறுபடி பிடிக்கும். இன்னொன்று, கேபிளின் வெளிப்புறத்தில் வழிந்து வரும் ஆர்.எஃப். (ரேடியோ அலை மின்சாரம்) டியூனரின் மூளைக்குள் புகுந்து அதைக் குழப்புவது. மைக் உலோகம் உதட்டில் சுரீரென்று சுட்டாலோ, பக்கத்தில் ஸ்பீக்கர் பேசினாலோ அந்தப் பக்கம் சந்தேகப்படுங்கள். மூன்றில் எது என்று தூரத்தில் உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. உங்களால் கால் மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியும், அதற்கு ஒரு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டர்) போதும்.

முதலில் ரேடியோவில் நேராக டம்மி லோடை மாட்டுங்கள், டியூனர் வேண்டாம். எல்லா பேண்டிலும் 1.1-க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரேடியோவிலோ லோடிலோ இணைப்புக் கேபிளிலோ கோளாறு, மேலே போகாதீர்கள். அடுத்து டியூனரை நடுவில் சேர்த்து பைபாஸில் (எதையும் மாற்றாமல் நேராகக் கடத்தும் நிலையில்) வையுங்கள். எண் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும், 28 மெகாஹெர்ட்ஸில் கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை. பைபாஸிலேயே 2 காட்டினால் ஏதோ ஒரு ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே ஒரு சாலிடர் விட்டிருக்கிறது. அப்புறம் டியூன் பொத்தானை அழுத்துங்கள். 50 ஓம் சுமையை டியூனர் ஓரிரு நொடியில் ஏற்றுக்கொண்டு நிற்க வேண்டும், 3.5-இலும். அங்கே அமைதியாக நின்றுவிட்டால் உங்கள் கடகடவுக்கு ஆன்டெனாதான் காரணம், ரிலே இல்லை. அங்கேயும் அடித்துக்கொண்டே இருந்தால் டியூனரின் மின்சார முனையில் மல்டிமீட்டரை வைத்து, ரிலே அடிக்கும்போது வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

இன்னொரு டம்மி லோடு கடன் கிடைத்தால் இரண்டையும் ஒரு டி-கனெக்டரில் சேர்த்து மாட்டுங்கள். 25 ஓம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். 2. இதை எல்லா பேண்டிலும் டியூனர் பிடிக்க வேண்டும். ஒரு பேண்டில் மட்டும் முரண்டு பிடித்தால் அந்த பேண்டுக்கான காயிலையோ கெப்பாசிட்டரையோ சேர்க்கும் ரிலேயில் கை வைக்கலாம். நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) இருப்பவர்கள் இதையெல்லாம் இன்னும் சுலபமாகப் பார்க்கலாம். ஆனால் அதை மாட்டியபடியே பழக்கதோஷத்தில் மைக்கை அழுத்திவிடாதீர்கள், பாவம் அது ஒரு நொடி தாங்காது.

இனி, டியூனர் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதை நடத்தும் விதம். வெளி டியூனர்கள் வயதாகிச் செத்து நான் பார்த்தது குறைவு. தவறாக நடத்திச் செத்தவைதான் அதிகம். ரிலேயின் முனைகள் பவர் ஓடாதபோது மாறினால் பல லட்சம் தடவை தாங்கும். 100 வாட் ஓடிக்கொண்டிருக்கும்போது மாறினால் முனைகளுக்கு நடுவில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வெல்டிங் நடக்கிறது. அதனால் டியூன் செய்யும்போது 10 வாட் போதும். ரேடியோவை சி.டபிள்யூ. (மோர்ஸ்), ஆர்.டி.டி.ஒய். (டெலிடைப்) அல்லது எஃப்.எம். முறையில் வைத்து ஒரே சீரான கேரியர் (பேச்சில்லாத வெறும் அலை) கொடுங்கள். எஸ்.எஸ்.பி. என்ற பேச்சு முறையில் மைக்கில் ‘ஹலோ ஹலோ’ என்று சொல்லி டியூன் செய்யப் பார்த்தால் பவர் ஏறி இறங்கும், டியூனர் எதை நம்புவது என்று தெரியாமல் தவறான இடத்தில் நிற்கும். ரேடியோவுக்கும் டியூனருக்கும் கட்டுப்பாட்டுக் கேபிள் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை: ரேடியோவின் டியூன் பொத்தானை அழுத்தினால் அதுவே பவரைக் குறைத்து, கேரியர் அனுப்பி, முடிந்ததும் நிறுத்திவிடும். செகண்ட் ஹேண்ட் பெட்டியோடு அந்தக் கேபிள் பெரும்பாலும் வராது. உங்கள் ரேடியோவுக்கு உரியதைத் தேடி வாங்குங்கள். முனை பொருந்துகிறதே என்று வேறு கம்பெனி ரேடியோவின் கேபிளைச் செருகாதீர்கள், உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கும்.

டியூன் செய்யும் முன் அலைவரிசையைக் காது கொடுத்துக் கேளுங்கள், காலியா என்று கேளுங்கள், உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லுங்கள். யாரோ பேசிக்கொண்டிருக்கும் இடத்தின் நடுவில் ‘பீ...’ என்று பத்து நொடி கேரியர் விடுபவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நான் இங்கே எழுத முடியாது. சில கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போய் டியூன் செய்துவிட்டு வந்தாலும் அமைப்பு மாறாது. ஒருமுறை கண்டுபிடித்த அமைப்பை நினைவில் வைக்கும் டியூனராக இருந்தால் அடுத்த தடவை ஒரு நொடிகூட ஆகாது.

உள் டியூனரையும் சேர்த்துப் போடலாமா என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம், எப்போதும் வேண்டாம். வெளி டியூனர் பாடுபட்டு 50 ஓம் செய்து கொடுக்கும். உள் டியூனர் பழைய நினைவில் இருக்கும் ஏதோ ஒரு அமைப்பை வைத்துக்கொண்டு அதை மறுபடி கோணலாக்கும். வெளிப் பெட்டியின் மீட்டரில் 1.1, ரேடியோவின் மீட்டரில் 2.5, எதை நம்புவது என்று தெரியாமல் நானே ஒரு சாயங்காலம் முழுக்க கனெக்டர்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் ரேடியோவின் முகப்பில் ‘டியூன்’ விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. சும்மா சொல்லவில்லை, முதலில் அதைப் பாருங்கள். உள் டியூனர்கள் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 3 வரைக்கும்தான், அதாவது சுமார் 17 முதல் 150 ஓம் வரை. ஆன்டெனா ஏற்கெனவே நன்றாக இருந்து பேண்டின் ஓரத்தில் கொஞ்சம் நழுவும்போது அது உதவும். வெளிப் பெட்டி இருக்கும்போது அதற்கு வேலை இல்லை.

சில டியூனர்களில் ‘ஆட்டோ’ என்று ஒரு நிலை உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் தானாகவே மறுபடி தேட ஆரம்பிக்கும். கேட்க வசதிபோலத் தெரியும். காற்றில் கம்பி ஆடினாலோ, மழையில் கேபிள் நனைந்தாலோ முழு பவரில் ரிலேக்கள் மாறும். அதை அணைத்துவிட்டு, தேவைப்படும்போது நீங்களே பொத்தானை அழுத்துவது ரிலேக்களின் ஆயுளுக்கு நல்லது. நாளை ஆம்ப்ளிஃபையர் சேர்த்தால், டியூன் செய்யும்போது அது ஸ்டான்ட்பையில் இருக்க வேண்டும். டியூனர் அதற்குப் பின்னால் வந்தால் அந்தப் பவரைத் தாங்கும் டியூனராகவும் இருக்க வேண்டும். 100 வாட் பெட்டியை 500 வாட் வழியில் வைப்பது ஒரு தடவைக்கு மட்டும் வேலை செய்யும்.

‘100 வாட்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதும் பேச்சுக்கும் மோர்ஸுக்கும்தான். பேச்சில் உச்சம் 100 வாட்டைத் தொட்டாலும் சராசரி அதில் ஒரு பங்குதான். எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையில் 15 நொடிச் சுற்றில் 12.64 நொடி விடாமல் முழு கேரியர் போகிறது. ஆர்.டி.டி.ஒய். இன்னும் மோசம், பேசி முடிக்கும்வரை இடைவெளியே கிடையாது. உள்ளே இருக்கும் காயில், ஃபெரைட், கெப்பாசிட்டர் எல்லாம் அந்தச் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகும். டிஜிட்டல் முறைகளுக்கு என்ன எல்லை என்று கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள், அது மூன்றில் ஒரு பங்காகக்கூட இருக்கும். கையேடு இல்லையென்றால் 30 வாட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். எஃப்.டி.8-க்கு அதுவே தாராளம்.

சுமையும் இதில் சேர்கிறது. 100 வாட் 50 ஓமில் போனால் 71 வோல்ட். அதே பவர் 2000 ஓமில் போனால் 447 வோல்ட், உச்சத்தில் 632. மாறாக 6 ஓமில் போனால் 4 ஆம்பியருக்கு மேல். ஒரு பக்கம் பொறி பறக்கும், மறுபக்கம் காயில் சுடும். டியூனர் 1.1 காட்டுகிறதே என்று இரண்டையும் மறந்துவிடக் கூடாது. பேசும்போது உள்ளே ‘டிக்’ என்று சத்தம் வந்து மீட்டர் ஒரு கணம் துள்ளினால் அது பொறி. உடனே பவரைக் குறையுங்கள்.

கையால் திருப்பும் டியூனர் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பெட்டிமேல்தான் பிரியம் அதிகம். இரண்டு கெப்பாசிட்டர் குமிழ், நடுவில் ஒரு காயில் சுவிட்ச், டி-வடிவ சுற்று. முதலில் அனுப்பாமல், ரேடியோவில் வந்து விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு திருப்புங்கள். இரைச்சல் எங்கே உச்சமோ அங்கே பாதி வேலை முடிந்தது. அப்புறம் 10 வாட் கேரியரில் நுணுக்கம். இந்தச் சுற்றில் 1.0 காட்டும் இடம் ஒன்றல்ல, பல. எல்லாம் ரேடியோவுக்கு ஒன்றுதான், டியூனருக்கு அப்படியல்ல. காயில் அதிகமாகவும் கெப்பாசிட்டர்கள் குறைவாகவும் உள்ள இடத்தில் காயிலிலேயே பவர் வெந்துபோகும், பொறியும் பறக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். இறங்குகிற இடங்களில் காயில் மிகக் குறைந்ததாகவும் கெப்பாசிட்டர்கள் மிக அதிகமாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழ் பேண்டுகளில், அதுவும் சுமை சில ஓம்களே இருக்கும்போது, இந்த வித்தியாசம் பெரிது. தேர்ந்தெடுத்ததை ஒரு அட்டையில் பேண்ட் வாரியாகக் குறித்துப் பெட்டிமேல் ஒட்டிவிடுங்கள்.

காயில் சுவிட்சைக் கேரியர் ஓடும்போது திருப்பாதீர்கள். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மைக்கை விட மறந்து ஒரே ஒரு படி திருப்பினேன். நீல வெளிச்சம், கருகிய வாடை, அதன்பிறகு அந்தப் படி மட்டும் நிரந்தரமாகத் தூங்கிப்போனது.

ஸ்பிரே கேள்விக்கு இப்போது வரலாம். உங்கள் பெட்டி ஆட்டோ டியூனர், அதன் ரிலேக்கள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடியவை. ஸ்பிரே அங்கே போகவே போகாது. போர்டுமேல் படிந்து தூசியைப் பிடித்து வைப்பதுதான் மிச்சம். ஆட்டோ டியூனரைத் திறந்தால் நான் செய்வது: சாலிடர்களை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது, கனெக்டரின் நடுமுனை போர்டோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, தளர்ந்த திருகுகளை முறுக்குவது, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவது. உள்ளே பேட்டரி போடும் மாடலாக இருந்தால் அதைக் கழற்றிப் பார்ப்பது, செகண்ட் ஹேண்ட் பெட்டியில் கசிந்த பேட்டரி சகஜம். கையால் திருப்பும் பெட்டிகளில் சுவிட்ச் முனைகளுக்கும் உருளும் காயிலின் சக்கரத்துக்கும் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி போதும், துணியில் எடுத்துத் துடைத்தால் இன்னும் நல்லது. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே கொண்டுபோகாதீர்கள். கெப்பாசிட்டர் தகடுகளில் பொறி பட்டு மேடுபள்ளம் வந்திருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளால் அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். தகடு வளைந்திருந்தால் நேராக்குங்கள். இன்சுலேட்டரில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை. கரி மின்சாரத்தைக் கடத்தும், அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்றால், மேசைமேல் இருக்கும் ஆட்டோ டியூனரை நான் காரணமில்லாமல் திறப்பதே இல்லை. அதைவிட கனெக்டர்களைப் பாருங்கள். கேபிள் முனையில் மாட்டும் பி.எல்.-259 கனெக்டர்களில் கேபிளின் பின்னல் சரியாக சாலிடர் பிடிக்காமல், சுற்றியிருக்கும் பிடிப்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கேபிளை ஆட்டும்போது எஸ்.டபிள்யூ.ஆர். ஆடினால் குற்றவாளி அங்கேதான்.

சரி, 14-இல் பேச என்ன செய்யலாம்? மிகச் சுலபமானது, அதே நடுமுனையில் 14-க்கான சுமார் 10 மீட்டர் டைபோலை இரண்டாவதாகக் கட்டிவிடுவது. இரண்டு கம்பிகளையும் முனைகளில் நன்றாக விலக்கிக் கட்டுங்கள். ஒன்று மற்றொன்றைக் கொஞ்சம் இழுக்கும், அதனால் நீளத்தைக் கடைசியில் வெட்டிச் சரிசெய்யுங்கள். அதுவரை 21 மெகாஹெர்ட்ஸை முயன்று பாருங்கள். 7-க்கு வெட்டிய டைபோல் அங்கே மூன்று அரை அலை, டியூனர் கொஞ்சம் உதவினால் போதும், கேபிள் இழப்பும் தாங்கக்கூடியது. உங்கள் டியூனர் உண்மையிலேயே பயன்படும் பேண்ட் அதுதான்.

இரண்டாவது வழி, கோஆக்ஸை, அதாவது அந்த ஆர்ஜி-58 கேபிளை, எடுத்துவிட்டு 450 ஓம் லேடர் லைனை (ஏணிபோல் இடைவெளி விட்ட இரட்டைக் கம்பியை) டைபோலின் நடுவிலிருந்து டியூனர் அருகேவரை கொண்டுவருவது. அதே 3000 ஓம், அதே 30 மீட்டர். 14-இல் இழப்பு அரை டெசிபெலைத் தொடாது. ஈரமானால் கூடும், சுவரையும் உலோகத்தையும் ஒட்டிக் கொண்டுபோகக் கூடாது, டியூனரில் ஒரு பேலன் (இரட்டைக் கம்பியை டியூனரின் கோஆக்ஸ் முனையோடு சேர்க்கும் சாதனம்) வேண்டும். அந்த பேலனில் இம்பீடன்ஸை நாலில் ஒன்றாக்கும் 4:1 நல்லதா, மாற்றாத 1:1 நல்லதா என்பது எல்லா அமைப்புக்கும் ஒரே பதில் இல்லாத கேள்வி. நான் 1:1 கரன்ட் பேலன் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் கீழ்முனையில் இம்பீடன்ஸ் ஏற்கெனவே சில ஓம்களாக இருக்கும் பேண்டுகளில் 4:1 அதை இன்னும் கீழே தள்ளிவிடும். லைன் நீளத்தை இரண்டு மீட்டர் கூட்டினாலே நிலைமை மாறிவிடும் என்பதால் எதிர்ப்பக்கத்தாரும் பொய் சொல்லவில்லை. 3.5-இல் லேடர் லைனிலும் பாதி பவர் போகும் என்றே எதிர்பாருங்கள். கம்பி அவ்வளவு குட்டை.

மூன்றாவது, டியூனரையே மேலே, கம்பியின் காலடிக்குக் கொண்டுபோவது. அங்கே வைத்தால் கேபிளில் ஓடுவது 50 ஓம் மட்டுமே, கேபிள் இழப்பு பழைய ஒன்றரை டெசிபெலோடு நின்றுவிடும். இதற்கென்று செய்த பெட்டிகள் உண்டு. ஐகாமின் ஏ.ஹெச்-4 அப்படிப்பட்டது, 120 வாட்வரை, 7 மீட்டருக்குக் குறையாத கம்பியோடு 3.5 முதல் 54 மெகாஹெர்ட்ஸ்வரை பிடிக்கும். ஒற்றைக் கம்பி என்றால் தரையில் எதிர்க்கம்பிகள் விரிக்க வேண்டும், அவை இல்லாவிட்டால் உங்கள் கேபிளின் வெளிப்புறமே அந்த வேலையை எடுத்துக்கொண்டு ஆர்.எஃப்.-ஐ மேசைக்குக் கொண்டுவரும். கம்பியின் நீளம் எந்த பேண்டிலும் அரை அலையின் மடங்காக வராமல் பாருங்கள். 10, 20, 40 மீட்டர் எல்லாம் கேட்க முழு எண்களாக இருக்கும், டியூனருக்கு அவைதான் எமன். உங்கள் மேசை டியூனரை ஒரு டப்பாவில் வைத்து மேலே ஏற்றலாம் என்ற எண்ணம் வரும். மழைக்குச் செய்யாத பெட்டி, வேண்டாம்.

வெளியே வைத்த பெட்டிக்குத்தான் பராமரிப்பு என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும். கேபிள்கள் கீழிருந்து நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அடியில் இருக்கும் வடிகால் துளையை நல்ல எண்ணத்தில் சீல் வைத்துவிடாதீர்கள், உள்ளே வியர்க்கும் நீர் போக வழி அதுதான். கனெக்டர்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். ஒரு முறை என் பெட்டி எந்த பேண்டையும் பிடிக்காமல் போய், திறந்து பார்த்தேன்: ரிலேக்களுக்கு நடுவில் எறும்புகள் முட்டைகளோடு குடியேறியிருந்தன. அன்றிலிருந்து துளையில் ஒரு சிறு வலைத்துண்டு வைக்கிறேன். இடிமழைக் காலத்தில் பயன்படுத்தாதபோது ஆன்டெனாவையும் கட்டுப்பாட்டுக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். அருகில் விழும் மின்னலுக்கே அந்தச் சின்ன போர்டு தாங்காது. அனுப்பும்போது அதன் வெளிமுனையை யாரும் தொடும்படி வைக்காதீர்கள், ஆர்.எஃப். தீக்காயம் தோலுக்குக் கீழே சுடும், ஆற நாளாகும்.

இன்றைக்கே கையில் இருப்பதை வைத்துச் செய்வதென்றால்: உள் டியூனரை அணையுங்கள், டம்மி லோடில் 3.5-இல் டியூன் செய்யுங்கள், அப்போது ரிலே நிற்கிறதா என்றும், டியூனருக்குள் போகும் வோல்ட் எவ்வளவு என்றும் எழுதுங்கள். நின்றுவிட்டால் ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைத்துவிட்டு 14-க்கான கம்பியை அளக்க ஆரம்பிக்கலாம். நிற்காமல், வோல்ட்டும் 12-க்கு மேலேயே இருந்தால் 25 ஓம் சோதனையையும் செய்து எந்தெந்த பேண்டில் தவறுகிறது என்று சொல்லுங்கள். அதை வைத்து எந்த ரிலே என்று தேடலாம்.